சிரம்பானிலிருந்து ஒரு செய்தி காத்திருக்கிறது

பிக்மோர் கம்பெனியின் மலாக்கா அலுவலகத்தில் ஒருகாலத்தில் தொலைபேசிச் செய்திகள் வந்த உடனேயே உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிடும். இந்தக் குறையை நீக்குவதற்காகவே காத்திருப்பு விளக்குத் திட்டம் கொண்டுவரப்பட்டது.

அப்போது நான் அங்கே தலைமைக் கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் மூத்தவன். ஆற்றை ஒட்டிய நீளமான கூடம். வாசலருகே தொலைபேசிப் பலகை, அதன் முன்னால் தெய்வானை. காஜா பேராங்கில் என் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி, கம்போங் செட்டியில் இருக்கும் பெண். பெயர் நம் பெயர், நெற்றியில் திருநீறு, வாயைத் திறந்தால் மலாய். மலாக்கா செட்டிகள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான். யாருக்காவது அழைப்பு வந்து அவர் இடத்தில் இல்லையென்றால் தெய்வானை சேதியைக் கேட்டு வைத்துக்கொள்வாள். ஆள் கூடத்துக்குள் காலை வைத்ததும் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பாள். ரப்பர் ஏற்றிய லாரி தம்பின் ஊரில் சக்கரம் கழன்று நிற்பதும், கணக்கு அதிகாரியின் மாமியார் வந்து இறங்கிவிட்டதும் கூடம் முழுவதற்கும் தெரிந்துவிடும். அதனால் யாரும் செத்துப்போகவில்லை.

சுதந்திரம் வந்த மறுவருடம் கருணாகரன் அலுவலகக் கண்காணிப்பாளர் ஆனார். அந்த நாற்காலியில் அதுவரை வெள்ளைக்காரர்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் தன்னையே உற்றுப் பார்ப்பதாக அவருக்கு ஒரு சந்தேகம். அது நியாயமான சந்தேகம். நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

அவர் ஒருமுறை கம்பெனிச் செலவில் சிங்கப்பூர் போய் ஒரு ஓட்டலில் தங்கினார். வெளியே போய்விட்டு வந்தபோது அறைத் தொலைபேசியில் சின்ன விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. கீழே உங்களுக்கு ஒரு செய்தி இருக்கிறது, கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள் என்று அதற்குப் பொருளாம். செய்தி என்னவென்று பிற்பாடு அவருக்கு நினைவில்லை. விளக்கு மட்டும் நினைவிருந்தது. ஊர் திரும்பியதும் கூட்டம் கூட்டினார். அவர் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசுவார். நான் தமிழில் தருகிறேன்.

"நண்பர்களே, இப்போது நமக்குச் செய்தி வந்தால் ஒரு பெண் கூவுகிறாள். சுதந்திர நாட்டில் ஓர் அதிகாரியை யாரும் கூவி அழைக்கக் கூடாது. இனி ஒரு விளக்கு எரியும். அதிகாரி அதைப் பார்ப்பார். தாம் தேடப்படுவதை மற்றவர்களும் பார்ப்பார்கள். ஒரு நிறுவனத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?"

விளக்கு என்ன நிறம் என்று சரக்கு அதிகாரி கேட்டார். சிங்கப்பூரில் சிவப்பு என்றார் கருணாகரன். ஆனால் காட்டில் கம்யூனிஸ்டுகள் இருக்கும்போது ஓர் அதிகாரியின் மேசையில் சிவப்பாக எதுவும் எரிவது நல்லதல்ல என்று பேசி, பச்சை என்று முடிவானது. பச்சை எரிந்தால் காத்திருக்க வேண்டும் என்று பொருள்.

சிங்கப்பூரிலிருந்து ஒரு எஞ்சினியர் வந்து கம்பி இழுத்தார். மேசைக்கு அடியில் ஊர்ந்து, மேசைக்கு மேல் ஊர்ந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் வேலை செய்தார். நாங்கள் பேசுவதெல்லாம் அந்தக் கம்பி வழியாகக் கண்காணிப்பாளரின் அறைக்குப் போகிறது என்று கணக்கு அதிகாரி என் காதில் சொன்னார். அதைச் சொல்லும்போதே விளக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். அதிகாரிகள் எல்லாருக்கும் விளக்கு கிடைத்தது. கடைசி விளக்கு என்னுடையது. எனக்குக் கீழே இருப்பவர்களுக்குச் செய்தி வருவதில்லை என்று தீர்மானிக்கப்பட்டது.

திறப்பு விழாவுக்கு, தம் நாட்டுக்குத் திரும்பக் கிளம்பிக்கொண்டிருந்த வெள்ளைக்கார மேனேஜரே தலைமை தாங்கினார். ரிப்பன் வெட்டியாயிற்று. தேங்காய் உடைத்தாயிற்று. விளக்கு எரிய வேண்டுமானால் ஒரு செய்தி வர வேண்டும். அன்று பார்த்து ஒருவரும் கூப்பிடவில்லை. மாலை போட்ட தொலைபேசியைச் சுற்றி எல்லாரும் கைகட்டி நின்றோம். கடைசியில் பலகையில் மணி அடித்தது. தெய்வானை பேசிவிட்டுச் சாவியைத் திருப்பினாள். மேனேஜரின் மேசையில் பச்சை விளக்கு எரிந்தது. பலத்த கைதட்டல். அவர் கையை நீட்டினார். சொற்பொழிவு முடியும்வரை எடுக்கக் கூடாது என்று கருணாகரன் தடுத்துவிட்டார். பத்திரிகைக்காரர் ஒருவர் படம் பிடித்தார். எல்லாம் முடிந்து துரை எடுத்துக் கேட்டபோது, மதியத்துக்குப் பாறை மீனா, குறா மீனா என்று அவருடைய சமையல்காரர் கேட்டிருந்தது தெரிந்தது. அதற்குள் சமையல்காரர் கோழி வாங்கிவிட்டார்.

திட்டத்தின் முதல் சிக்கல் அந்த வாரமே தலைகாட்டியது. விளக்கு எரிந்தால் அதிகாரி தாமே பலகையைக் கூப்பிட்டுச் செய்தியைக் கேட்க வேண்டும். ஆனால் எங்கள் அலுவலகத்தில் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைக் கூப்பிட்டு எதையும் கேட்டதில்லை. கீழே இருப்பவர்தான் வந்து சொல்லவேண்டும். தெய்வானையிடம் போய் "எனக்கு ஏதும் வந்திருக்கிறதா?" என்று யார் முதலில் கேட்பது? ஒருவரும் கேட்கவில்லை. விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன.

அதில் ஒரு நன்மையும் தெரிந்தது. எரிகிற விளக்குள்ளவர் முக்கியமானவர். எரியாத விளக்குள்ளவரை யாரும் தேடவில்லை, அடுத்த ஆட்குறைப்பில் அவர்தான் என்று பேச்சு கிளம்பியது. சரக்கு அதிகாரி தம் மனைவியை விட்டுத் தினமும் காலையில் போன் போடச் சொன்னார். கணக்கு அதிகாரி வெளியே போய்க் காப்பிக் கடையிலிருந்து தமக்குத் தாமே போன் செய்துவிட்டு வந்து, தம் விளக்கைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். சாயங்காலங்களில் அந்தக் கூடம் தீபாவளிக் கடைத்தெரு மாதிரி இருக்கும்.

அடுத்த சந்தேகம் தெய்வானையின் மேல் விழுந்தது. எல்லாருக்கும் வந்த எல்லாச் செய்தியும் அவள் ஒருத்திக்குத் தெரியும். முன்பு கூடத்துக்கே தெரிந்தபோது இது யாருக்கும் உறைக்கவில்லை. இப்போது உறைத்தது. கருணாகரன் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். நான் சாட்சிக்கு நின்றேன். அவளுடைய மலாயையும் தமிழிலேயே தருகிறேன்; 'துவான்' என்றால் ஐயா.

"இன்று வந்த செய்திகள் உனக்குத் தெரியுமா?"

"தெரியும், துவான்."

"எப்படித் தெரியும்?"

"அவங்க சொன்னாங்க, நான் கேட்டேன், துவான்."

"கொஞ்சம் குறைவாகக் கேட்க முடியாதா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"நாங்கள் உன்னைச் சந்தேகிக்கவில்லை" என்றார் கருணாகரன். "உன்னை நம்பவில்லை, அவ்வளவுதான். நம்பிக்கை என்பது தனிமனிதர்களின் பலவீனம். நிறுவனத்துக்கு அது தேவையில்லாதபடி பார்த்துக்கொள்வதுதான் நிர்வாகம்."

ஒரு செயற்குழு அமைந்தது. அதிகாரிகளோடு எனக்கும் அதில் ஓர் ஓட்டு. அதன் முடிவு இது: ஒருவருக்குச் செய்தி இருக்கிறது என்று சொல்வது பலகைப் பணியாளரின் கடமை. செய்தி என்ன என்பதை அவர் சொல்லக் கூடாது. செய்தி கம்பெனியுடையதா, சொந்த விஷயமா என்பதைச் செயற்குழு ஆராய்ந்த பிறகே அது வெளியிடப்படும். செயற்குழு வெள்ளிக்கிழமை பிற்பகல் கூடும். மீறினால் வேலை போகும்.

அதற்குப் பிறகு விளக்கு எரிந்து ஓர் அதிகாரி கௌரவத்தை விட்டுக் கேட்டாலும் தெய்வானை, "ஒரு செய்தி இருக்கு, துவான்" என்பாள். என்ன செய்தி என்றால், "தா போலே" என்பாள். கூடாது என்று பொருள். பெரும்பாலான அதிகாரிகளுக்கு இது திருப்தியாகவே இருந்தது. செய்தி இருக்கிறது என்பதற்கு மேல் அவர்களுக்கும் எதுவும் தேவைப்படவில்லை.

எனக்குத் தேவைப்பட்டது. அந்த நாட்களில்தான் என் ஒரே மகள் கமலவேணிக்குச் சிரம்பானில் ஒரு வரன் பார்த்திருந்தோம். பையன் நடராஜன் பள்ளி ஆசிரியர். அப்பா வேலாயுதம் ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்றவர். கண்ணியமான மனிதர் என்று கேள்வி. ஜாதகம் பொருந்திவிட்டது. "முடிவை உங்க ஆபீசுக்கு போன் போட்டுச் சொல்றேன்" என்று தரகரிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

இதற்கு முன்பு ஓரிடம் கைகூடி வந்து தட்டிப்போனது. என் மைத்துனர் அவசரப்பட்டுப் போய், "என்ன முடிவு பண்ணினீங்க?" என்று கேட்டதுதான் காரணம். பெண் வீட்டுக்காரர்கள் இவ்வளவு பறக்கிறார்களே, பெண்ணிடம் ஏதோ குறை இருக்கும் என்று அவர்கள் கையை உதறிவிட்டார்கள். ஊரெல்லாம் அந்தப் பேச்சு. தெங்கேராவில் ஒரு சாவு வீட்டில்கூட என்னிடம் விசாரித்தார்கள். அன்றே தீர்மானித்துவிட்டேன். இந்தக் குடும்பத்திலிருந்து இனி யாரும் போய்க் கேட்கப் போவதில்லை. இந்த இடமும் போனால் கமலவேணிக்கு இன்னொரு இடம் வராது என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை என் விளக்கு எரிந்தது. நான் சாதாரணமாக எழுந்து, சாதாரணமாக நடந்து, பலகையருகே நின்றேன்.

"ஒரு செய்தி இருக்கு, துவான் கலியாணசுந்தரம். சிரம்பானிலேருந்து."

"ம்."

"தா போலே" என்றாள், நான் கேட்காமலே.

மறுநாளும் கூப்பிட்டார்களாம். ஏற்கெனவே எரிகிற விளக்கு மேலும் எரிய வழியில்லாததால் அது எனக்குத் தெரியாது. தெய்வானைதான் விரலால் இரண்டு என்று காட்டினாள். இரண்டு முறை கூப்பிட்டால் என்ன பொருள்? சம்மதத்தை ஒருவர் இரண்டு முறை சொல்வாரா? முதலில் சம்மதித்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொண்டாரா? கூடத்தில் எல்லாரும் என் விளக்கையே பார்ப்பதாகத் தோன்றியது. கணக்கு அதிகாரி அருகில் வந்து, "சிரம்பானா? என்னவாம்?" என்றார். சிரம்பான் என்று இவருக்கு யார் சொன்னது? அன்றிலிருந்து அவரிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டேன்.

வீட்டில் என் மனைவி பூங்காவனம் வாசலிலேயே நின்றாள்.

"என்னாங்க, சிரம்பான்லேருந்து போன் வந்துச்சா?"

"வந்திருக்கு."

"என்ன சொன்னாங்க?"

"அது செயற்குழு முன்னால இருக்கு."

"நம்ம பொண்ணு கல்யாணம் எதுக்குங்க அவங்க முன்னால இருக்கு?"

"சொந்த விஷயமா, கம்பெனி விஷயமான்னு அவங்க பாக்கணும்."

"கம்பெனியா கட்டிக்கப் போகுது?" என்றாள். "பேசாம நீங்களே ஒரு போன் போட்டுக் கேளுங்களேன். வாய் தேஞ்சா போயிடும்?"

"போன தடவ உன் தம்பி கேட்டான். தெரியுமில்ல?"

அதோடு அவள் உள்ளே போய்விட்டாள். கமலவேணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் கம்போங் செட்டி வழியாக நடந்தேன். அந்தப் பக்கம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. தெய்வானை வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுப் படலருகே வந்தாள். உடம்பு முடியாத அவளுடைய அப்பா உள்ளே இருமிக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் சம்பளம் கொண்டுவருபவள் இவள்தான்.

"துவான், தெரிஞ்சுக்கணுமா?" என்றாள் மெல்ல. தெரு வெறிச்சோடியிருந்தது. "நான் சொல்றேன். ரெண்டும் சொல்றேன்."

சொல் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு யோசித்தேன். இவளை அனுப்பியது கருணாகரனாக இருந்தால்? தலைமைக் கிராணி விதியை மீறுகிறாரா பார் என்று சொல்லிவைத்திருந்தால்? அப்படி இல்லையென்றே வைத்துக்கொண்டாலும், என் மகள் கல்யாணச் சேதியை நான் தெருவில் நின்று ஒரு சின்னப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்பது நாளைக்கு என் பெயரோடு ஒட்டிக்கொள்ளும்.

"கம்பெனி விஷயத்த ரோட்டுல பேசக் கூடாது. அப்பாவுக்கு மருந்து குடு" என்று சொல்லிவிட்டு நடந்தேன். அவள் எனக்குப் பின்னால் மலாயில் ஏதோ முணுமுணுத்தாள். மரியாதையான சொல்லாக இருக்காது.

வெள்ளிக்கிழமை வந்தது. செயற்குழு கூடியது. சென்ற கூட்டத்தின் நடவடிக்கைகள் வாசிக்கப்பட்டன. சென்ற கூட்டத்தில் அதற்கு முந்தைய கூட்டத்தின் நடவடிக்கைகளைத்தான் வாசித்திருந்தார்கள். சரக்கு அதிகாரிக்கு வந்த செய்திகள் அனைத்தும் அவர் மனைவியுடையவை என்று தெரிய வர, அவற்றைக் கம்பெனி விஷயமாகவே கருதலாம் என்று அவரே முன்மொழிந்தார். பிறகு என் பெயர் வந்தது. தெய்வானை உள்ளே அழைக்கப்பட்டாள்.

"செய்தி வந்தபோது இருந்த அதே நிலையில் இருக்கிறதா?" என்று கருணாகரன் கேட்டார்.

"இருக்கு, துவான்."

"நீ அதைப் பற்றி யோசித்ததுண்டா?"

"இல்ல, துவான்."

"நல்லது. சொல்."

தெய்வானை சொன்னாள். வேலாயுதம் மெதுவாகச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். மலாய்க்கு நடுவே அவருடைய தமிழ் அப்படியே வந்தது. "ஜாதகம் ரொம்பப் பொருத்தம். வர்ற வெள்ளிக்கிழமை ராகு காலம் கழிச்சு, மத்தியானத்துக்கு மேல பொண்ணு பாக்க வர்றோம். தோது இல்லேன்னா போன் போடுங்க. போன் வரலேன்னா சம்மதம்னு எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவோம்."

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மத்தியானம் கழிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

"கவனியுங்கள்" என்றார் கருணாகரன், முகம் மலர்ந்து. "திட்டம் எவ்வளவு துல்லியமாக வேலை செய்திருக்கிறது! திங்கட்கிழமை வந்த செய்தி, ஓர் எழுத்துக் குறையாமல் வெள்ளிக்கிழமை கிடைக்கிறது. பழைய முறையில் இது திங்கட்கிழமையே கிடைத்து, பயன்படுத்தப்பட்டு, மறக்கப்பட்டிருக்கும். இப்போது நாம் ஆராய வேண்டியது ஒன்றுதான். ஒரு தலைமைக் கிராணியின் மகள் கல்யாணம் சொந்த விஷயமா? அவர் விடுப்பு எடுப்பார். ஆகவே கம்பெனியையும் அது பாதிக்கிறது."

"இன்னொன்னும் இருக்கு, துவான்" என்றாள் தெய்வானை. "ரெண்டாவது போன்..."

"ஒரு கூட்டத்துக்கு ஒருவருக்கு ஒரு செய்தி. அடுத்த வெள்ளிக்கிழமை."

நான் எழுந்தேன். கண்காணிப்பாளர் எழுவதற்கு முன்பு அந்த அறையில் யாரும் எழுந்ததில்லை. "மிஸ்டர் கலியாணசுந்தரம், நீங்கள் இன்னும் ஓட்டளிக்கவில்லை" என்று அவர் சொன்னது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

மூன்று சக்கர வண்டிக்காரரை விரட்டிக்கொண்டு காஜா பேராங் வந்து சேர்ந்தேன். என் வீட்டு வாசலில் அந்நியச் செருப்புகள். உள்ளே வேலாயுதமும் அவர் மனைவியும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கம்பக்கத்திலிருந்து கடன் வாங்கிய தட்டுகளில் பலகாரம் இருந்தது. பூங்காவனம் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத மாட்டேன்.

வேலாயுதம் எழுந்து கும்பிட்டார். மெலிந்த, நிமிர்ந்த மனிதர். தாமதத்துக்கு அலுவலகத்தைக் காரணம் சொன்னேன். அதுவரை பொய் இல்லை.

"உங்கள எனக்குப் பிடிச்சுப் போச்சுங்க" என்றார் உட்கார்ந்ததும். "இதுக்கு முன்னால ரெண்டு எடம் பாத்தோம். போன வெக்கிறதுக்குள்ள திருப்பிப் போன் போடறாங்க. என்ன வேணும், எப்ப வர்றீங்க, எத்தன பேருன்னு ஒரே பறப்பு. நீங்க ஒரு வார்த்த பேசல பாருங்க. அப்பவே வீட்டுல சொன்னேன், இது பழைய குடும்பம், அழுத்தமான மனுசன்னு."

நான் தலையை மட்டும் அசைத்தேன்.

"செவ்வாக்கிழமை ரெண்டாவதா ஒரு விஷயம் சொன்னேனே, அதுலயும் உங்களுக்கு ஆட்சேபண இல்லன்னு எடுத்துக்கிட்டேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த விஷயம் அடுத்த வெள்ளிக்கிழமைதான் எனக்குத் தெரிய வரும். என்ன கேட்டிருப்பார்? கல்யாணத்தைச் சிரம்பானில் வைக்கவா? பையனை என் வீட்டோடு வைத்துக்கொள்ளவா? எந்தக் குறையை மறைக்காமல் சொல்லி, அதற்கு நான் ஒப்புக்கொண்டதாக நினைக்கிறார்? எனக்குத் தெரியாது என்று சொன்னால், ஏன் தெரியாது என்பார். விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவர் மெச்சிய அழுத்தம் ஒரு பச்சை விளக்கினுடையது என்று ஆகிவிடும்.

"ஆட்சேபணை இருந்தா கூப்பிட்டிருக்க மாட்டேனா?" என்றேன்.

"அதத்தான் நானும் சொன்னேன்!" என்று அவர் தொடையைத் தட்டினார். "நடராஜனுக்குத்தான் பயம். சீனியர் கேம்பிரிட்ஜ் வரைக்கும் படிச்சு முடிச்ச பொண்ண வீட்டுல ஒக்கார வெக்கக் கூடாதுன்னு ஒரே புடிவாதம். சிரம்பான் டெலிபோன் ஆபீசுல பொம்பளப் புள்ளைங்கள ஆப்பரேட்டர் வேலைக்கு எடுக்கறாங்க. கல்யாணத்துக்கு அப்புறம் கமலவேணி அங்க சேரட்டுமா, ஒப்பு இல்லேன்னா போன் போடுங்கன்னு சொல்லியிருந்தேன். 'பெரியவரு கண்டிப்பா போன் போடுவாரு, ஒத்துக்க மாட்டாரு'ன்னு இவன் தூங்கவே இல்ல."

எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் வேலைக்குப் போனதில்லை. என் தங்கை ஒருத்தி பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டபோது என் தகப்பனார் அந்தப் பேச்சையே வீட்டில் எடுக்கக் கூடாது என்றார். நான் அவர் பக்கம் நின்றேன். யாரென்று தெரியாதவர்கள் கம்பியின் அந்த முனையிலிருந்து கூப்பிட, என் மகள் இந்த முனையில் உட்கார்ந்து பதில் சொல்வது என்பது என் எந்தப் பிறவியிலும் நான் சம்மதிக்கக்கூடிய விஷயம் இல்லை. செவ்வாய்க்கிழமையே சம்மதித்திருக்கிறேன்.

காப்பித் தட்டோடு கமலவேணி கதவருகே நின்றிருந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு தலையை நிமிர்த்தி என்னை நேராகப் பார்த்தாள். பூங்காவனம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன்.

"இதுக்கெல்லாம் போன் போட்டுச் சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றேன்.